கெடா மண்ணில் தீவிரவாதம்: ஒரு சொல்லும் அதன் வரலாறும்

கடாரம் என்றவுடன் நம் மாணவர்க்கு இராசேந்திர சோழனின் கடற்படை நினைவுக்கு வரும்; பூசாங் பள்ளத்தாக்கின் இடிந்த கோயில்கள் நினைவுக்கு வரும். அதே பள்ளத்தாக்கின் ஓரத்தில், பீடோங் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில், 1947ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் நிகழ்ந்தவற்றை அவருள் அறிந்தவர் மிகச் சிலரே. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய படையெடுப்பை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பாட்டி நேரில் கண்ட போராட்டம் தெரிவதில்லை. இம்மறதி தானாக வந்து சேர்ந்ததன்று என்பது நம் கருத்து. நிகழ்ச்சிகளுக்குச் சூட்டப்பட்ட பெயர், அவற்றைப் பற்றி வீட்டுக்குள் பேசுவதையே அச்சத்துக்கு உரியதாக்கிவிட்டது.

வரலாற்றுத் துறை நம்முடைய துறையன்று. சொற்களின் பிறப்பையும் பொருள் மாற்றத்தையும் ஆராய்வதிலேயே நம் பணிக்காலம் கழிந்தது. ஆயினும் தீவிரவாதி, பயங்கரவாதி, கொள்ளைக்காரன் ஆகிய சொற்கள் கெடாவில் யாரால், எப்போது, யார்மேல் ஏற்றப்பட்டன என்று தேடத் தொடங்கியபோது, அத்தேடல் நம்மை நேரே தோட்டத்து லயங்களுக்குள் கொண்டு சேர்த்தது.

சொற்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய மொழிகளில் 'டெரரிசம்' என்னும் சொல் பிரெஞ்சுப் புரட்சியின் நாள்களில் பிறந்தது. 1793, 1794ஆம் ஆண்டுகளில் பாரிசில் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் கில்லட்டின் கொண்டு நடத்திய அச்சத்தின் ஆட்சியையே அது முதலில் குறித்தது. அரசின் செயலைக் குறித்த சொல், அடுத்த நூற்றாண்டில் அரசை எதிர்ப்போரின் செயலைக் குறிக்கலாயிற்று. பொருள் இவ்வாறு தலைகீழாக மாறுவதை மொழியியலார் வேறு பல சொற்களிலும் கண்டிருக்கிறார்கள். ஆயினும் இச்சொல்லின் மாற்றம்போல் பலருடைய உயிரோடு தொடர்புடையது வேறில்லை.

தமிழில் நிலைமை இன்னும் சுவையானது. 'தீவிரவாதி' என்னும் சொல் ஒரு காலத்தில் பெருமைக்குரியது. 1907ஆம் ஆண்டு சூரத்தில் இந்தியக் காங்கிரசு இரண்டாகப் பிளந்தபோது ஒரு சாரார் மிதவாதிகள் எனப்பட்டனர். திலகரைப் பின்பற்றியோர் தீவிரவாதிகள் எனப்பட்டனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய பாரதியாரும் அந்தத் தீவிரவாதிகளின் அணியைச் சேர்ந்தவர்களே. இன்று ஒரு மாணவன் தேர்வுத்தாளில் வ. உ. சி.யைத் தீவிரவாதி என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். நூறாண்டுக்கு முன் அதுவே சரியான விடை. 'தீவிரம்' என்பது கூர்மை, மிகுதி என்னும் பொருளுடைய வடசொல். 'வாதி' என்பது ஒரு கொள்கையை எடுத்து வாதிடுபவன். ஆகவே சொல்லமைப்பின்படி தீவிரவாதியிடம் ஒரு கருத்து இருந்தே ஆக வேண்டும். 'பயங்கரவாதி'யும் அவ்வாறு அமைந்ததே. 'கொள்ளைக்காரன்' என்னும் சொல்லில் அப்படி ஒன்றும் இல்லை. அவனுக்குக் கை உண்டு, கருத்து இல்லை. மலாய் மொழியில் இப்பாகுபாடு வேறு வகையாக அமைந்துள்ளது. 'கனாஸ்' என்றால் மூர்க்கம். அதிலிருந்து 'பெங்கனாஸ்', அதாவது பயங்கரவாதி. 'லம்பாவ்' என்றால் எல்லை கடத்தல். அதிலிருந்து 'பெலம்பாவ்', தீவிரவாதி. அங்கே கொள்கை பேசப்படுவதில்லை. குணமும் எல்லையுமே பேசப்படுகின்றன. எல்லை என்றால் அதை வகுத்தவர் யார் என்னும் வினா உடன் எழுகிறது.

இவ்வினாவோடு பீடோங்குக்குச் செல்வோம்.

சப்பானியர் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் 1945இல் திரும்பி வந்தபோது, மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர் பழைய தமிழராக இல்லை. சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களும் எஞ்சியிருந்தவர்களும் அரிசிக்கு அல்லாடினார்கள். அதே வேளையில் இன்னொன்றும் நிகழ்ந்திருந்தது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் இந்திய தேசிய இராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்து இளைஞரும் பெண்களும் சேர்ந்தார்கள். பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்று பழகியவன் அணிவகுப்பில் நிமிர்ந்து நிற்கக் கற்றான். போருக்கு முன் தோட்டத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையின் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் ஒன்று. கூலி உயர்வோடு சேர்த்துக் கேட்கப்பட்ட கோரிக்கை அது. அதை எண்ணிப் பார்த்தால், போருக்குப் பின் திரும்பிய துரைமார் எதிர்கொண்ட மாற்றத்தின் அளவு புரியும்.

கெடாவில் இம்மாற்றம் 'தொண்டர் படை' என்னும் வடிவில் வெளிப்பட்டது. பீடோங் ஆர்வர்ட் தோட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவர் இதனை ஒழுங்கமைத்தார். அதன் முதல் இலக்கு கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை; சம்பள நாளில் வாங்கிய கூலி மாலைக்குள் அங்கே கரைந்துவிடும். வீட்டில் அடுப்பு எரிவதற்கும் அணைவதற்கும் அக்கடையே காரணமாயிற்று. மறியலில் பெண்கள் முன்னின்றதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கள் ஒழிப்பிலிருந்து தொடங்கிய இயக்கம் தூய்மை, ஒழுங்கு, கல்வி, தன்மதிப்பு என்று விரிந்து, விரைவில் கூலி உயர்வுப் போராட்டத்தோடும் இணைந்தது. கெடாவின் பல தோட்டங்களுக்கும் அது பரவியது.

அதன் எல்லாச் செயலும் போற்றத்தக்கது என்று நாம் கூறவில்லை. குடித்து வந்தவரைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தொண்டர்கள் தாமே எடுத்துக்கொண்டதும் உண்டு. தம் இனத்தவர் உடல்மேல் கைவைக்கும் சீர்திருத்தம் எவ்வளவு நல்ல நோக்கம் உடையதாயினும் வன்முறையின் நிழல் படிந்ததே. ஆயினும் அதை அடுத்து அரசு காட்டிய வன்முறையின் அளவு வேறு. 1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங்கிலும் புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும் தொழிலாளருக்கும் காவல்துறைக்கும் மோதல் மூண்டது. உயிரிழப்பு ஏற்பட்டது, பலர் சிறை சென்றனர். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் காவல்துறை சுட்டதில் மீண்டும் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். துப்பாக்கி ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. 'தொண்டர்' என்பது தமிழில் மிகவும் மென்மையான சொற்களுள் ஒன்று. பெரிய புராணத்துக்கு ஆசிரியர் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். இருபதாம் நூற்றாண்டில் கட்சிகளும் சங்கங்களும் மாநாட்டுப் பந்தலில் தண்ணீர் வழங்கிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவோரைத் தொண்டர் படை என்றே அழைத்தன. தமிழ்ச் செவிக்கு அதில் அச்சுறுத்தல் இல்லை. 'படை' என்னும் பகுதியைத் தனியே பெயர்த்து இராணுவம் எனப் படிப்பவருக்கோ, சீருடையும் அணிவகுப்பும் சேர்ந்து ஒரு தனிப்படை உருவாகிறது என்னும் தோற்றம் தந்திருக்கும். அதிகாரிகளின் அச்சம் முழுவதும் மொழிபெயர்ப்புப் பிழையால் வந்தது என்று கூறுவது அறியாமை. தொழிலாளர் ஒன்றுசேர்வதே அவர்களுக்கு அச்சம். ஆனால் அச்சத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அது தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

ஓராண்டுக்குப் பின் வேறொரு பெயர் வந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே தொழிற்சங்கச் சட்டம் இறுக்கப்பட்டு, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டப்படி இயங்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தரா. அதனால்தான் அவசரகாலம் என்னும் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பர். தமிழில் அவசரம் என்றால் விரைவு. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டு நீடித்த அவசரம் அது.

அதில் இறந்தோர் தொகை சிறிதன்று. அரசின் கணக்குப்படி 6,700க்கு மேற்பட்ட கொரில்லாக்கள், 1,800க்கு மேற்பட்ட காவலரும் படைவீரரும், 2,400க்கு மேற்பட்ட பொதுமக்கள். கொரில்லாக்கள் செய்தவை பயங்கரவாதம் அன்று என்று யாரேனும் கூறினால் அவர் தோட்டத்துக் கதையை அறியாதவர். கங்காணிகளும் கிராணிகளும் மண்டோர்களும் கொல்லப்பட்டார்கள். வேலைக்குச் சென்ற குற்றத்துக்காகத் தொழிலாளர் கொல்லப்பட்டார்கள். பால்மரங்கள் வெட்டிச் சிதைக்கப்பட்டன. ஏழையின் அடையாள அட்டை பிடுங்கிக் கிழிக்கப்பட்டது. அட்டை இல்லாதவன் மறுநாள் காவலரிடம் சிக்கினால் அவன் கதி என்ன என்பது கிழித்தவருக்கும் தெரியும்.

மறுபுறம், அரசு தன் கையைச் சுத்தமாக வைத்திருந்தது என்றும் கூற இயலாது. 1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில் ஆயுதமற்ற சீனக் கிராமத்தார் 24 பேர் ஆங்கிலேயப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். காட்டோரம் வாழ்ந்த சீனர் ஏறத்தாழ 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரோ தம் லயங்களிலேயே, அல்லது ஒன்றுசேர்த்துக் கட்டிய புது லயங்களில், முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். ஊரடங்கு, வேலியில் சோதனை, அரிசிக்குப் பங்கீடு. காட்டிலிருப்போர்க்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, பல இடங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர் உணவு எடுத்துச் செல்வதும் தடுக்கப்பட்டது. இருள் பிரியும்முன் எழுந்து வெறும் வயிற்றோடு மரத்துக்கு மரம் நடந்தவரின் நிலையை, இன்று காலைச் சிற்றுண்டிக்குப் பின் வகுப்புக்கு வரும் மாணவர் சற்றே எண்ணிப் பார்க்கலாம். உதவினால் அரசு தண்டிக்கும். உதவாவிட்டால் காடு தண்டிக்கும். இரண்டு அச்சங்களுக்கு நடுவே தோட்டத்து மக்கள் கற்றுக்கொண்ட மொழி மௌனம்.

இக்காலத்தில் அரசின் சொல்வழக்கு மாறியதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் கொரில்லாக்கள் 'பேண்டிட்' எனப்பட்டனர். கொள்ளைக்காரர் என்று பொருள். 1952இல் அச்சொல்லை விலக்கி, 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி' என்னும் தொடரை வழங்குமாறு ஆணை பிறந்தது. சப்பானியரும் சீனத்துத் தேசியவாத அரசும் தம் எதிரிகளைக் கொள்ளைக்காரர் என்றே அழைத்திருந்தனர். எனவே அப்பெயர் இகழ்ச்சியாக இராமல் ஒருவகைப் பெருமையாகவும் ஒலிக்கக்கூடும் என்பது மாற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்று. நம் துறையின் நோக்கில் பார்த்தால், கொள்கையற்றவன் என்னும் பெயரை விட்டுக் கொள்கையாளன் என்று ஒப்புக்கொள்ளும் பெயருக்கு அரசு நகர்ந்திருக்கிறது. இதே மனிதர்கள் சப்பானியருக்கு எதிரான போரில் ஆங்கிலேயரின் தோழர்கள். அவர்களுடைய தலைவர் சின் பெங்குக்குப் போர்ச்சேவைக்காக ஆங்கிலேய அரசின் விருது வழங்கப்பட்டுப் பின் பறிக்கப்பட்டது. தோழன், வீரன், கொள்ளைக்காரன், பயங்கரவாதி என நான்கு பெயர்களும் பத்தாண்டுக்குள் ஒருவருக்கே சூட்டப்பட்டன.

நாம் சந்தித்த கெடாத் தோட்டத்து முதியோர் இந்நான்கில் எதையும் பெரிதும் வழங்கவில்லை. 'பிந்தாங் தீகா' என்றே கூறினர். மலாயில் மூன்று நட்சத்திரம் என்று பொருள். சப்பானிய எதிர்ப்புப் படையினர் தொப்பியில் அணிந்த மூன்று நட்சத்திரங்கள் மலாயர், சீனர், இந்தியர் என்னும் மூவினத்தைக் குறித்தன. அதைப் 'பிந்தாங் தீகா காலம்' என்று காலப்பெயராகவும் ஆக்கினார்கள். தொப்பியில் கண்டதைப் பெயராக்கிய இவ்வழக்கில் புகழும் இல்லை, பழியும் இல்லை. இரு பக்கத்துக்கும் அஞ்சி வாழ்ந்தவர்க்கு அதைவிடப் பாதுகாப்பான சொல் கிடைத்திருக்காது.

தமிழர் ஒருவர் இக்காலத்தின் குறியீடாக நிற்கிறார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். 1949இல் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்துக்காகக் கைதானார். அவசரகாலச் சட்டத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தூக்கு உண்டு. நேருவின் அரசு அவரைக் காக்க முயன்றது, பயனில்லை. அவ்வாண்டு மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு அடுத்த நிலையில் நின்ற வீரசேனனும் அதே நாள்களில் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மே 4 என்னும் நாள் தொழிலாளர் வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் நினைக்கப்படுவது. 1886ஆம் ஆண்டு அந்நாளில்தான் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த கிளர்ச்சியின்போது, ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வீசப்பட்டது. வீசியவர் யார் என்று இன்றுவரை உறுதிப்படவில்லை. எண்மர் தண்டிக்கப்பட்டனர், நால்வர் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியிருந்த மூவரை 1893இல் மாநில ஆளுநர் விடுவித்தார். நடந்த விசாரணை நேர்மையற்றது என்பதே அவர் கூறிய காரணம். நாள் ஒன்றியது தற்செயல். ஆயினும் தொழிலாளர் கோரிக்கை, எங்கிருந்தோ வந்த வன்முறை, அதன்பின் கோரிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே பெயர் என்னும் வரிசை இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருக்கிறது. அதே அமெரிக்காவில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை இரவில் முகமூடியணிந்து கொன்ற கூ கிளக்ஸ் கிளான் அமைப்பை ஒடுக்க 1871இலேயே நடுவண் அரசு சட்டம் இயற்றியது. எனினும் பல தலைமுறை அதை உள்ளூர் வழக்கம் போலவே பலர் கண்டும் காணாதிருந்தனர். பெயர் சூட்டுவதில் விரைவும் தயக்கமும் யாரைப் பொறுத்து அமைகின்றன என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தலாம்.

மீண்டும் கெடாவுக்கு வருவோம். ஒரு சொல்லினால் ஒரு நாட்டின் அமைதி முறிந்த இடம் கெடாவில் உள்ளது. அது பாலிங்.

1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் பாலிங் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சின் பெங்கும் அரசுத் தரப்பாரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். அரசுத் தரப்பில் மலாயாக் கூட்டரசின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், சீனர் சங்கத் தலைவர் தான் செங் லோக். சின் பெங்கோடு ரஷீத் மைதீனும் சென் தியனும் வந்தார்கள். துங்கு கெடா அரச குடும்பத்தவர். கூலிமில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். காட்டிலிருந்து வந்த சின் பெங்கை எதிர்கொண்டு அழைத்து வந்தவர் ஜான் டேவிஸ் என்னும் ஆங்கிலேயர். சப்பானியருக்கு எதிரான போரில் இருவரும் ஒரே காட்டில் தோழர்களாக இருந்தவர்கள். பள்ளிக்கூடத்து மேசையைச் சுற்றி நடந்த அப்பேச்சின் மையத்தில் இருந்த சொல் 'சரண்'.

அரசு பொது மன்னிப்பு தர அணியமாக இருந்தது. ஆனால் வெளியே வருவோர் சரணடைய வேண்டும், விசாரணைக்கு உட்பட வேண்டும். சின் பெங் போரை நிறுத்த அணியமாக இருந்தார். ஆனால் சரணடைதல் என்னும் சொல்லை ஏற்க மறுத்தார். தம் கட்சிக்கு ஏற்பு வேண்டும் என்றார். தமிழில் 'சரண்' என்னும் சொல்லுக்குப் புகலிடம் என்பதே பழைய பொருள். சரணடைந்தவனைக் காப்பது சரண் பெற்றவனின் கடமை. சரணாகதி என்னும் சமயச் சொல்லும் அதிலிருந்து எழுந்ததே. ஆங்கிலச் சொல்லிலோ தோற்றவன் தன்னையே எதிரியிடம் ஒப்படைக்கும் இழிவு மேலோங்கி நிற்கிறது. சொல்லை மாற்றியிருந்தால் போர் நின்றிருக்கும் என்று நாம் எளிமைப்படுத்தவில்லை. அச்சொல்லுக்குப் பின்னே இருந்தது உண்மையான வினா: காட்டிலிருப்பவர் ஓர் அரசியல் தரப்பா, குற்றவாளிகளா? பேச்சு முறிந்தது. 1956 பிப்ரவரியில் பொது மன்னிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்பேச்சால் துங்குவின் மதிப்பு உயர்ந்தது. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலை வந்தது. கொரில்லாக்கள் தாய்லாந்து எல்லைக் காடுகளுக்கு நகர்ந்தார்கள்.

அவசரகாலம் முடிந்த மறுநாள், 1960 ஆகஸ்டு 1ஆம் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரம் அதன் உயிர்நிலை. கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகளை நோக்கி வரையப்பட்ட அச்சட்டம் 2012 வரை உயிரோடு இருந்து, அவர்களோடு யாதொரு தொடர்பும் இல்லாத பலர்மேல் பாய்ந்தது.

பாலிங் மாவட்டத்திலேயே அது பாய்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். 1985 நவம்பர் 19ஆம் நாள், மெமாலி என்னும் மலாய்க் கிராமத்தில், இப்ராகிம் மாமுட் என்னும் சமய ஆசிரியரை அச்சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யக் காவல்துறை சென்றது. லிபியாவில் கற்றவராதலால் இப்ராகிம் லிபியா என்று அறியப்பட்டவர் அவர். பாஸ் கட்சியைச் சேர்ந்தவர். கிராமத்தார் எதிர்த்தனர். கிராமத்தார் 14 பேரும் காவலர் 4 பேரும், ஆக 18 பேர் மாண்டனர். அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அரசுக்கு அவர்கள் வழிதவறிய தீவிரவாதிகள். கட்சிக்கு அவர்கள் உயிர்த்தியாகிகள். இன்றும் பாலிங் வட்டாரத்தில் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஏதோ ஒரு வீட்டில் புண்படுவோர் உண்டு. மாண்ட காவலரின் குடும்பத்தாரையும் சேர்த்தே சொல்கிறோம். கம்யூனிஸ்ட் என்றால் சீனர், சமயத் தீவிரம் என்றால் மலாயர் என்று இனத்தோடு சொல்லை ஒட்டிப் பேசும் பழக்கம் நம் மக்களிடையே உண்டு. பொதுக் கொரில்லாப் படையின் மூன்று நட்சத்திரங்களில் ஒன்று நம்முடையது என்பது அப்போது மறந்துபோகிறது.

வன்முறையாளன் என்றால் வெளியாளாகவே இருப்பான் என்னும் நம்பிக்கை உலகெங்கும் உண்டு. 1995 ஏப்ரல் 19ஆம் நாள் அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில் அரசுக் கட்டடம் ஒன்று தகர்க்கப்பட்டு 168 பேர் கொல்லப்பட்டபோது, முதல் மணி நேரங்களில் பலர் மத்தியக் கிழக்கைச் சுட்டினர். பிடிபட்ட திமோத்தி மக்வே அந்நாட்டிலேயே பிறந்து, அந்நாட்டுப் படையில் வளைகுடாப் போருக்குச் சென்று வந்தவர்.

கெடாத் தமிழரின் வாசலுக்கே வந்த நிகழ்ச்சி 2000ஆம் ஆண்டினது. கூலிமை அடுத்த லூனாஸ் சட்டமன்ற உறுப்பினரும் ம. இ. கா.வைச் சேர்ந்தவருமான ஜோ பெர்னாண்டஸ், நவம்பர் 4ஆம் நாள் புக்கிட் மெர்தாஜாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதுகள் நிகழ்ந்தபோது காவல்துறை அக்கொலையைக் கே. எம். எம். என்னும் குழுவோடு தொடர்புபடுத்தியது. அக்குழுவின் பெயரிலும் ஒரு மொழிச் சிக்கல் உண்டு. 'கும்புலான் முஜாகிதீன் மலேசியா' என்பதன் சுருக்கம் அது. அரசும் நாளிதழ்களும் நடுவெழுத்தை மாற்றாமலே அதனை 'மிலிட்டன்' என்று விரித்தன. முதற்பெயர் சமயப் போராளி என்னும் பெருமையை ஏற்றுகிறது. இரண்டாவது அதைக் கழற்றிவிடுகிறது. எழுத்து ஒன்று, பொருள் எதிரெதிர்.

லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் அக்கொலையைப் பற்றிய பேச்சு நீடிக்கவில்லை. நவம்பர் 29ஆம் நாள் இடைத்தேர்தல் வந்தது. எதிர்க்கட்சி அதில் வென்றது. கெடாச் சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியின் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை போயிற்று. வரலாற்று நூல்கள் லூனாசை அந்த வெற்றிக்காகவே நினைக்கின்றன. தேர்தல் ஏன் வந்தது என்று இன்று மாணவரைக் கேட்டால், உறுப்பினர் இறந்தார் என்பார்கள். கொல்லப்பட்டார் என்பவர் குறைவு. இறந்தார் என்னும் சொல் பொய்யன்று. ஆனால் அரசியல் கொலை ஒன்றை மறைக்க அவ்வளவு போதுமானதாக இருந்தது.

பாலிங்கில் முறிந்த பேச்சு 34 ஆண்டுக்குப் பின் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் முடிவுக்கு வந்தது. 1989 டிசம்பர் 2ஆம் நாள் மலேசிய, தாய்லாந்து அரசுகளும் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. போர்ச்செயல்களை முடித்துக்கொள்வது என்று அதில் எழுதினார்கள். சரண் என்னும் சொல்லைத் தவிர்த்தார்கள். ஆயுதங்களை அரசிடம் ஒப்படைக்காமல் கொரில்லாக்கள் தாமே அழிப்பது என்று முடிவாயிற்று. சின் பெங் மட்டும் நாடு திரும்ப இசைவு பெறாமலே 2013இல் பேங்காக்கில் இறந்தார். அவருடைய சாம்பல் 2019இல் மலேசியாவுக்கு வந்தபோதும் பழைய பெயர்கள் அத்தனையும் நாளிதழ்களில் மீண்டும் எழுந்தன.

பீடோங் தொண்டர்களுக்கு அப்படி ஓர் உடன்பாடு இல்லை. அவர்கள் காட்டுக்குப் போனவர்களின் பட்டியலில் இல்லை. விடுதலைக்குப் பாடுபட்டவர்களின் பட்டியலிலும் இல்லை. 1948க்குப் பின் தொழிற்சங்கம் என்னும் சொல்லே கம்யூனிசத்தின் நாற்றம் உடையதாகிவிட்டதால், 1947இல் கள்ளுக்கடை வாசலில் நின்ற பெண்கள் தம் பேரப்பிள்ளைகளிடம் அதைச் சொல்லவில்லை. நாம் சந்தித்தவர்களில் ஒரு மூதாட்டி, தம் கணவர் அப்போது சிறையிருந்ததை நம்மிடம் ஒப்புக்கொள்ளவே மூன்று முறை சென்று வர வேண்டியிருந்தது. என்ன குற்றத்துக்காக என்று கேட்டோம். அவர் வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தொண்டரா இருந்தாரு" என்றார்.